பாஸ் பேரு, வூட்டுப் பேரு

கௌசரை மூன்றே கேள்வியில் உட்கார வைத்தவன் நான். பதினோரு வருஷமாக இதைச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். தம்புச் செட்டித் தெருவில் என் அலுவலகத்துக்கு வரும் ஜூனியர்கள், கீழே டீக்கடைக்காரர், என் மச்சான் என்று ஒருவரும் தப்பியதில்லை. சொல்லி முடித்துவிட்டு ஒரு சிரிப்பு வேறு சிரிப்பேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கே உடம்பு கூசுகிறது.

என் பெயர் ரவிக்குமார். ஆலைகளின் வக்கீல். மணலியிலிருந்து ராயபுரம் வரை எந்தக் கம்பெனி மேல் தொழிலாளி வழக்குப் போட்டாலும் எனக்குத்தான் போன் வரும். எதிர்ப்பக்கம் பாதி நாள் கௌசர்தான் நிற்பார். வண்ணாரப்பேட்டையில் லுங்கி மொத்த வியாபாரம் செய்த அப்துல் வஹாபின் மகள். இருபத்தாறு வருஷப் பிராக்டிஸில் பி.எஃப்., ஈ.எஸ்.ஐ., பணிக்கொடை, பென்ஷன் தவிர வேறு எதையும் தொட்டதில்லை. நாலு சொத்து வழக்கு எடுத்திருந்தால் யானைக்கவுனியில் பாத்திரக் கடைக்கு மேலே இருக்கும் அந்தப் பொந்தை விட்டு எப்போதோ வெளியே வந்திருக்கலாம். கோர்ட்டில் குரலை உயர்த்தவே மாட்டார். எனக்கு அதுதான் எரிச்சல். நான் கத்தக் கத்த அவர் பாட்டுக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருப்பார்.

அந்த மூன்று கேள்வி வழக்கு ஒரு கிரேன் ஆபரேட்டரின் பணிக்கொடை பற்றியது. நடுவில் எட்டு மாதம் அவர் வேலைக்கே வரவில்லை, அதனால் பணிக்கொடை கிடையாது என்பது கம்பெனியின் கட்சி. கேட்டில் ஆள் வரவு பார்த்த பாஸ்கர்தான் என் சாட்சி. சாத்தாங்காடு இரும்பு மார்க்கெட்டில் எடை மேடைக்குப் பின்னால் மூன்றாவது வீடு. இரண்டு ஞாயிற்றுக்கிழமை அங்கேயே போய் உட்கார்ந்து அவனுக்குப் பாடம் நடத்தினேன். நடுவில் அவன் அம்மா உள்ளேயிருந்து, "டேய் திருமலை, சாருக்கு டீ வோணுமான்னு கேளுடா" என்று கூவினாள். நான் நிமிர்ந்து பார்த்ததும் பாஸ்கர் சிரித்தான். "வூட்ல கூப்புட்றது சார்."

கோர்ட்டில் கிளிப்பிள்ளை மாதிரி சொன்னான். கௌசர் குறுக்கு விசாரணைக்கு எழுந்தார். எத்தனை வருஷமாக அந்த கேட்டில் இருக்கிறீர்கள், எல்லா ஷிப்ட்டும் பார்ப்பீர்களா, இந்தக் கிரேன் ஆபரேட்டரை நேரில் தெரியுமா. மூன்று கேள்வி. பிறகு அவனைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றார். "அவ்வளவுதான் யுவர் ஆனர்" என்று உட்கார்ந்துவிட்டார். அன்று மத்தியானம் அலுவலகத்தில் எல்லோருக்கும் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

மங்கையின் வழக்கு வந்தபோது அதே மிதப்பில்தான் இருந்தேன்.

எண்ணூர் நெடுஞ்சாலையில் ஓர் இரும்பு வார்ப்பு ஆலை என் கட்சிக்காரர். ஆட்கள் பவுண்டரி என்பார்கள். 2022-ல் அங்கே சங்கிலி அறுந்து ஒருவர் மேல் இரும்புப் பெட்டி விழுந்தது. மூன்றாம் நாள் ஆஸ்பத்திரியில் இறந்துபோனார். தண்டபாணி என்று பெயர். திருவொற்றியூர்க் குப்பத்துக்காரர், கடல் தொழிலை விட்டுவிட்டுப் பவுண்டரிக்குப் போனவர். வேலையில் அடிபட்டு ஒருவர் இறந்தால் அவர் மனைவிக்கு மாதாமாதம் ஈ.எஸ்.ஐ. உதவித்தொகை உண்டு. தண்டபாணியின் மனைவி மங்கை அதைக் கேட்டு வழக்குப் போட்டாள். பிளஸ் டூ படிக்கும் ஒரு பெண் இருந்தாள் அவளுக்கு. ஆலைக்காக நான் எழுதிய பதில் ஒரே வரி. தண்டபாணி என்று எங்களிடம் யாரும் வேலை பார்க்கவில்லை.

ஆலையின் பதிவேட்டைப் பார்த்தால் அது பொய்யும் இல்லை.

இந்தப் பக்கத்தில் காண்டிராக்ட் ஆட்கள் பலருக்கு இரண்டு பெயர். ஒன்று வூட்டுப் பேரு, இன்னொன்று பாஸ் பேரு. புதிதாக ஒரு ஆளுக்கு கேட் பாஸ் வாங்குவதென்றால் படிவம், போலீஸ் சான்று, பெரிய ஆபீஸ் கையெழுத்து என்று மாதக்கணக்காகும். அதனால் பழைய ஆள் ஒருவன் நின்றுபோனால், காண்டிராக்டர் அவன் பாஸில் போட்டோவை மட்டும் மாற்றி ஒட்டி அடுத்தவனிடம் கொடுத்துவிடுவார். பி.எஃப்., ஈ.எஸ்.ஐ. எல்லாம் அந்தப் பழைய பெயரிலேயே போகும். ஆதார் வந்த பிறகு இதெல்லாம் ஒழிந்திருக்க வேண்டும். ஆனால் பழைய ஆட்களை "அப்பால சேத்துக்கலாம்" என்று தள்ளித் தள்ளி அப்படியே விட்டுவைத்திருந்தார்கள். தண்டபாணி பதினேழு வருஷம் வேதமாணிக்கம் என்பவரின் பாஸில் போய் வந்தார். அசல் வேதமாணிக்கம் கப்பல் வேலைக்குப் போனவர், திரும்பவே இல்லை.

ஆஸ்பத்திரி வாசலில் பேர் என்னம்மா என்று கேட்டபோது மங்கை அழுதுகொண்டே தண்டபாணி என்று சொல்லிவிட்டாள். அவள் செய்த தப்பு அது ஒன்றுதான். இறந்தது தண்டபாணி, ஆலையின் புத்தகத்தில் வேலையை விட்டு நின்றது வேதமாணிக்கம். கூட வேலை பார்த்த நாற்பது பேருக்கு உண்மை தெரியும். ஒருவரும் கோர்ட்டுக்கு வரவில்லை. கௌசர் கூப்பிடவும் இல்லை. கூப்பிட்டால் அந்த நாற்பதில் பாதிப் பேர் தங்கள் பெயரையும் சொல்லவேண்டி வரும்.

இது போதாதென்று என் குமாஸ்தா சைமன் இன்னொன்று கண்டுபிடித்துக்கொண்டு வந்தார். முப்பது வருஷமாக என்னோடு இருப்பவர், காசிமேட்டுக்காரர், மோப்பம் பிடிப்பதில் கெட்டிக்காரர்.

"சார், அந்த மங்கை எறா உரிக்கிற ஷெட்டுல வேலை செஞ்சிகினு கீது. இன்னா பேர்ல தெரியுமா? பவானி! நானே நேர்ல போய்ப் பாத்துட்டு வந்தேன்."

இறால் ஷெட்டின் வருகைப் பட்டியல் நகல் ஒன்றை மேஜைமேல் வைத்தார். பவானி என்ற பெயருக்கு நேரே மங்கையின் கைநாட்டு. அவள் கூண்டில் ஏறியதும் ஒரே ஒரு கேள்வி போதும். அம்மா, உன் பெயர் மங்கையா பவானியா? குடும்பமே பொய்ப் பெயரில் பிழைக்கிற கூட்டம் என்று நீதிபதி முடிவு கட்டிவிடுவார். ஷெட் வேலையும் போகும். அதைப் பற்றி நான் யோசிக்கவில்லை. அந்தக் காகிதத்தைத் தனியாக ஒரு ஃபைலில் வைத்துக்கொண்டேன்.

முதல் விசாரணையில் கௌசர் ஒரு தபால் கவரை எடுத்து நீட்டினார். பழுப்பேறிய ரிஜிஸ்டர் தபால் கவர், ஒட்டியது ஒட்டியபடி இருந்தது. அனுப்புநர் தண்டபாணி. பெறுநர் கௌசர், வழக்கறிஞர். தபால் முத்திரையில் 2014-ஆம் வருஷத்துத் தேதி.

"இறந்தவர் எட்டு வருஷம் முன்னாடியே எழுதி அனுப்பினது யுவர் ஆனர். நான் பிரிக்கலை. கோர்ட்டே பிரிக்கட்டும்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "இது போன வாரம் ஒட்டின கவரா இருந்தா? பழைய கவரை ஆவியில காட்டிப் பிரிச்சு, புதுக் காகிதம் வெச்சிருந்தா? எங்க வெச்சிருந்தாங்க, எப்படி வெச்சிருந்தாங்க, நான் என் கண்ணால பாக்கணும்!" என்று மேஜையைத் தட்டினேன்.

நீதிபதி கௌசரைப் பார்த்தார். கௌசர் கண்ணாடியைத் துடைத்தார். "பாக்கட்டும். ஆனா வெளிப்பக்கம் மட்டும். எந்தக் கவரையும் பிரிக்கக் கூடாது. எந்தப் பேரையும் எழுதிக்கக் கூடாது, வெளியில சொல்லவும் கூடாது."

எந்தக் கவரையும் என்று சொன்னது அப்போது என் காதில் ஏறவில்லை. நீதிபதி அப்படியே உத்தரவு போட்டார். அதனால் இங்கே பெயர், முகவரிகளை மாற்றித்தான் சொல்கிறேன்.

புதன்கிழமை பகலில் கோர்ட் ஊழியர் ஒருவரோடு யானைக்கவுனிக்குப் போனேன். கீழே எவர்சில்வர் அண்டாக்களை உருட்டும் சத்தம் மாடி வரைக்கும் வந்தது. கௌசர் பீரோவுக்குப் பக்கத்திலிருந்த துணியை விலக்கினார். மூன்று தகரப் பெட்டிகள். முதல் பெட்டியைத் திறந்ததும் அந்துருண்டை வாசனை அடித்தது. உள்ளே கவர்கள். விளிம்போடு விளிம்பு ஒட்டி நிறுத்திவைத்த ரிஜிஸ்டர் தபால் கவர்கள், எல்லாம் ஒட்டியபடி. நடுநடுவே அட்டை செருகி அதில் தெருப் பெயர் எழுதியிருந்தது.

"எத்தனை மேடம்?" என்றேன்.

"அறுநூத்திச் சொச்சம். பேர் வாரியா அடுக்க முடியாதே சார், அதான் தெரு வாரியா."

பிறகு நான் கேட்கக் கேட்கச் சொன்னார். ஞாயிற்றுக்கிழமை சாத்தாங்காடு மார்க்கெட் லீவு. ஓர் இரும்பு வியாபாரி தன் கிடங்கைத் திறந்துவிடுவார். காலையிலிருந்து மத்தியானம் வரை கௌசர் அங்கே ஒரு நாற்காலி போட்டு உட்காருவார். பாஸ் பேரில் வேலை பார்க்கிறவர்கள் வருவார்கள். அவர்கள் சொல்லச் சொல்ல எழுதுவார். வூட்டுப் பேரு, பாஸ் பேரு, எந்த ஆலை, எந்த வருஷத்திலிருந்து, மனைவி மக்கள் யார். போட்டோ, பாஸின் நகல், கட்டைவிரல் ரேகை. கவரை ஒட்டிய இடத்தில் அந்த ஆளே குறுக்கே கையெழுத்துப் போட வேண்டும். மறுநாள் அந்த ஆளே தபாலாபீசில் ரிஜிஸ்டர் செய்து இவருக்கு அனுப்ப வேண்டும். தேதிக்குச் சாட்சி தபால் முத்திரை. வந்த கவரைப் பிரிக்காமல் பெட்டியில் வைப்பார். எல்லாம் இலவசம். ஸ்டாம்பு மட்டும் அவர்கள் செலவு.

"ஏதாவது ஆச்சுன்னாதான் வெளிய வரும். இதுவரைக்கும் நாப்பத்தியோரு கவர். சிலதுல கோர்ட்டு வரைக்கும் வரவே வேணாம், கவரை மேஜைமேல வெச்சாலே கம்பெனி பேச வந்துடுவாங்க. நல்லபடியா ரிட்டயர் ஆனவங்க சில பேர் வந்து கவரைக் கேட்டு வாங்கிக் கிழிச்சுப் போட்டுட்டு, டீ குடிச்சுட்டுப் போவாங்க. அதுதான் எனக்குப் பிடிச்சது."

"எப்ப ஆரம்பிச்சீங்க?"

"2009. பாய்லர்ல ஒருத்தர் செத்துட்டாரு. இதே கதை, பாஸ் பேரு வேற. நிரூபிக்க ஒரு துண்டுக் காகிதம் இல்ல. தோத்துட்டேன்." அட்டை ஒன்றைச் சரியாகச் செருகிவிட்டு, "நீங்கதான் சார் எதிர்ல" என்றார்.

எனக்கு அந்த வழக்கு ஞாபகமே இல்லை. எவ்வளவு யோசித்தும் வரவில்லை.

அந்த வெட்கத்தை மறைக்கத்தான் நான் வேலையில் இறங்கினேன். சோதிக்க வந்தவன் சோதிக்க வேண்டுமே. மூன்று பெட்டியிலும் அங்கங்கே கைவிட்டுப் பத்துக் கவர்களை உருவினேன். ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து ஒட்டிய இடத்தைப் பார்த்தேன். குறுக்கே போட்ட கையெழுத்து கோடு பிசகாமல் இருந்தது. ஆறு கவர் பார்த்துவிட்டேன். ஏழாவதைத் திருப்பினேன்.

அனுப்புநர்: திருமலை. எடை மேடை பின்புறம், மூன்றாவது வீடு, சாத்தாங்காடு.

தேதியைப் பார்த்தேன். என் மூன்று கேள்வி வழக்குக்கு இரண்டு வருஷம் முந்தைய தேதி.

பாஸ்கர் என்று சத்தியம் செய்து கூண்டில் நின்ற என் சாட்சி பாஸ்கரே இல்லை. கௌசருக்கு அது தெரியும். அவர் கையாலேயே எழுதிக்கொடுத்தது. உங்கள் உண்மையான பெயர் என்ன என்று நாலாவதாக ஒரு கேள்வி கேட்டிருந்தால் அந்தச் சாட்சியும் என் வழக்கும் அங்கேயே செத்திருக்கும். கேட்க வாயெடுத்துத்தான் அவனைப் பார்த்துக்கொண்டே நின்றிருக்கிறார். கேட்காமல் உட்கார்ந்திருக்கிறார். அதற்குத்தான் நான் பிரியாணி வாங்கிக் கொடுத்தேன்.

கோர்ட் ஊழியர் ஸ்டூலில் உட்கார்ந்து போன் பார்த்துக்கொண்டிருந்தார். நான் கவரை கௌசரிடம் காட்டினேன்.

"ஏன் மேடம் கேக்கலை?" என்றேன்.

அவருக்கு எந்த வழக்கு என்று சொல்லத் தேவையிருக்கவில்லை. "கேட்டிருந்தா அவருக்கு மறுநாள் வேலை இல்ல சார். என்னை நம்பி எழுதிக் கொடுத்த கவரு. அத வெச்சே அவரை அடிக்கிறதா?"

"உங்க கட்சிக்காரர் தோத்தாரே?"

"அப்பீல்ல வேற பாயிண்ட்ல ஜெயிச்சேன். அதுக்கு ஒன்றரை வருஷம் ஆச்சு. அதுவரைக்கும் அவர் பொண்ணு கல்யாணம் தள்ளிப் போச்சு." கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, சும்மா கையில் வைத்துக்கொண்டிருந்தார். "நான் செஞ்சது சரின்னு அவர் வீட்ல போய் என்னால சொல்ல முடியலை. எனக்கு அப்ப வேற வழி தெரியலை, அவ்வளவுதான்."

அப்பீலில் அவர் ஜெயித்தது எனக்குத் தெரியாது. அப்பீலைக் கம்பெனி வேறு வக்கீலிடம் கொடுத்திருந்தது, என் வெற்றியோடு நான் கதையை முடித்துக்கொண்டேன். பெட்டிகளைப் பார்த்தேன். இருபத்தாறு வருஷமாக நான் கூட்டிக்கொண்டு வந்து கூண்டில் ஏற்றிய சாட்சிகளில் இன்னும் எத்தனை பேர் இந்தப் பெட்டிகளில் இருக்கிறார்களோ. அத்தனை பேரையும் தெரிந்து வைத்துக்கொண்டு, ஒரு வார்த்தை பேசாமல், என் கத்தலையும் கேட்டுக்கொண்டு இந்த மனுஷி எதிரே நின்றிருக்கிறார். கோயிலில் சாமிக்குத் திரை விலக்கும்போது சட்டென்று கை தானாகக் குவியுமே, அப்படி ஆகிவிட்டது எனக்கு. கையில் கவர் இருந்ததால் கும்பிடவில்லை. அது இருந்த இடத்திலேயே செருகிவிட்டு மற்ற மூன்றைப் பார்க்காமலே கிளம்பினேன்.

அடுத்த திங்கட்கிழமை விசாரணை. ஃபைலில் பவானியின் காகிதம் இருந்தது. கேட்பேனா மாட்டேனா என்று எனக்கே தெரியாது. என்ன இருந்தாலும் ஃபீஸ் வாங்கியிருக்கிறேன், கட்சிக்காரருக்கு உழைப்பதுதானே தொழில் என்று பஸ் ஹாரன் மாதிரி மண்டைக்குள் ஒரே சத்தம்.

"கவர் இருந்த விதத்துல எனக்கு ஆட்சேபணை இல்லை" என்று நீதிபதியிடம் சொன்னேன். நீதிபதி கத்தரிக்கோலால் ஓரத்தை வெட்டினார். போட்டோவில் தண்டபாணி. பாஸின் நகலிலும் அதே முகம், கீழே வேதமாணிக்கம் என்ற பெயர். நீதிபதி காகிதத்தை வாய்விட்டுப் படித்தார். தண்டபாணி சொன்னதைச் சொன்னபடியே எழுதியிருந்தார் கௌசர்.

"என் பேரு தண்டபாணி. பவுண்டரில வேதமாணிக்கம்னு கூப்புடுவாங்க, நானும் இன்னான்னு கேப்பேன். அது என் பேரு இல்ல. எனக்கு எதுனா ஒண்ணு ஆச்சுன்னா, செத்தது நான்தான்னு என் சம்சாரம் மங்கை சொல்லும். அது சொல்றது நெசம்."

கூண்டில் நின்ற மங்கை கம்பியைப் பிடித்துக்கொண்டாள். அழவில்லை. முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக நின்றாள்.

"குறுக்கு விசாரணை?" என்றார் நீதிபதி.

எழுந்தேன். ஃபைலைத் திறந்தேன். மங்கை என் கையையே பார்த்தாள். அவளுக்குத் தெரிந்திருக்கிறது என்று அந்தப் பார்வையிலேயே புரிந்துவிட்டது. பின்னால் சைமன் தொண்டையைக் கனைத்தார். கௌசர் பக்கம் திரும்பினேன். அவர் என்னைப் பார்க்கவேயில்லை, அடுத்த வழக்குக் கட்டைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

"கேள்வி எதுவும் இல்லை யுவர் ஆனர்" என்றேன்.

மங்கைக்கு உதவித்தொகை கொடுக்கச் சொல்லி மத்தியானத்துக்குள் தீர்ப்பு வந்துவிட்டது. வராண்டாவில் சைமன் என் மேல் பாய்ந்தார். "இன்னா சார் நீ, பேப்பரு கைலயே கீதே! பேஜாரு பண்ணிட்டியே!" கம்பெனி மேனேஜர் என்னோடு பேசாமலே காரில் ஏறினார். அந்த பவுண்டரி வழக்குகள் அதோடு எனக்கு வரவில்லை.

கேட்டருகே மங்கை காத்திருந்தாள். கையில் ஒரு சாப்பாட்டுக் கூடை.

"சார், உங்க ஆளு ஷெட்டாண்ட வந்து விசாரிச்சத நான் அன்னிக்கே பாத்துட்டேன். நேரா மேடத்தாண்ட ஓடிப் போய்ச் சொன்னேன். கேட்டாருன்னா நெசத்த சொல்லிடறேன், இப்பவே வேலைய வுட்டுடறேன்னேன்." மூச்சு வாங்கிக்கொண்டாள். "மேடம்தான் வோணாம்னுச்சு. 'அவரு கத்துவாரு, ஆனா கேக்க மாட்டாரு. நீ வேலைய வுடாத'ன்னுச்சு."

"எப்ப சொன்னாங்க?"

"அது ஆச்சு சார் ஒரு மாசம். நான் போவட்டா? ரெண்டு மணிக்கு ஷிப்ட்டு."

ஒரு மாசம். நான் மேஜையைத் தட்டிக் கத்துவதற்கும் முன்னால். அந்தத் தகரப் பெட்டிகளை நான் பார்ப்பதற்கும் முன்னால். என்னைப் பற்றி எனக்கே தெரியாத ஒன்றைத் தெரிந்து வைத்துக்கொண்டு, அதை நம்பி ஒருத்தியின் பிழைப்பையே வைத்திருக்கிறார். மங்கை ஓடிப்போய் ஷேர் ஆட்டோவில் ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

அலுவலகத்துக்குப் போகும் வழியில் பெரிய தபாலாபீசுக்குள் நுழைந்து ஒரு கவர் வாங்கினேன். பவானியின் காகிதத்தை மடித்து உள்ளே வைத்து ஒட்டினேன். ஒட்டிய இடத்தில் குறுக்கே கையெழுத்துப் போட்டேன். பெறுநர் கௌசர், யானைக்கவுனி. அனுப்புநர் இடத்தில் என் வீட்டு முகவரியை எழுதி, ரிஜிஸ்டர் கவுண்ட்டர் வரிசையில் போய் நின்றேன்.